லத்தினோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) நோயாளிகளுக்குப் பொருந்தும் ஸ்டெம் செல் கொடையாளர் கிடைப்பது ஏன் இவ்வளவு அரிதாக இருக்கிறது?

டெக்சாஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். சான் அன்டோனியோவில் என்னோடு வேலை பார்க்கும் நண்பர் மெக்சிகோ வம்சாவளியினர். அவருடைய பதினொரு வயது மகனுக்குக் குணமாகியிருந்த இரத்தப் புற்றுநோய் திரும்ப வந்துவிட்டதால், வேறொருவரின் இரத்த ஸ்டெம் செல்களை (இரத்த அணுக்களை உருவாக்கும் மூலச் செல்களை) செலுத்துவதே இனி வழி என்று மருத்துவர்கள் சொல்லிவிட்டார்கள். மூத்த மகளின் மாதிரி பொருந்தவில்லை. கொடையாளர் பதிவேட்டிலும் முழுமையாகப் பொருந்துபவர் இதுவரை அகப்படவில்லை. நேற்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே வைத்துக்கொண்டு, "எங்கள் ஆட்கள் பதிவேட்டில் குறைவு" என்று மட்டும் சொன்னார். இரத்த வகை பொருந்தினால் போதாதா? வம்சாவளி எதற்காகக் குறுக்கே வருகிறது? தமிழனாகிய நான் பதிவு செய்துகொண்டால் அந்தப் பையனுக்கு உதவுமா?

ஆய்வகத்தார்

நண்பரே, இதில் இரத்த வகை முதன்மையானதே அன்று. வகை வேறாக இருந்தாலும் மாற்றுச் சிகிச்சை செய்யலாம். பின்னர் நோயாளியின் இரத்த வகையே கொடையாளரின் வகையாக மாறிவிடும். பொருந்த வேண்டியவை எச்.எல்.ஏ. எனப்படும் திசு அடையாளங்கள்; தன் செல் எது, பிறர் செல் எது என்று உடல் இவற்றைக் கொண்டே கண்டுகொள்கிறது. ஆறாவது குரோமோசோமில் உள்ள இந்த மரபணுக்கள் தந்தையிடமிருந்து ஒரு தொகுதியும் தாயிடமிருந்து ஒரு தொகுதியுமாகக் கட்டாக வருகின்றன. அதனால்தான் உடன்பிறந்தவர் ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கான வாய்ப்பு நான்கில் ஒன்றாக இருக்கிறது.

லத்தினோ மக்களிடம் அமெரிக்கப் பூர்வகுடி, ஸ்பானிய, ஆப்பிரிக்க மரபுகள் சில நூற்றாண்டுகளாகக் கலந்துவந்திருப்பதால், ஒரே மனிதரிடம் பூர்வகுடித் தொகுதி ஒன்றும் ஐரோப்பியத் தொகுதி ஒன்றும் சேர்ந்திருக்கக்கூடும். அந்தச் சேர்க்கை இன்னொருவரிடம் அப்படியே அமைவது அரிது. மெக்சிகோ வம்சாவளியினரிடம் பூர்வகுடி மரபும், போர்ட்டோ ரிக்கோ, டொமினிக்கன் மக்களிடம் ஆப்பிரிக்க மரபும் கூடுதலாக இருப்பதை எண்ணிப் பார்த்தால், 'லத்தினோ' என்ற ஒரே கட்டத்துக்குள் எத்தனை வேறுபாடு ஒளிந்திருக்கிறது என்பது விளங்கும்.

அமெரிக்கத் தேசியப் பதிவேட்டை வைத்து 2014இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வின்படி, முக்கியமாகப் பார்க்கப்படும் எட்டு எச்.எல்.ஏ. அடையாளங்களும் பொருந்தும் கொடையாளர் கிடைக்கும் வாய்ப்பு ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு 75 விழுக்காடு; மெக்சிகோ வம்சாவளியினருக்கு 37, தென், மத்திய அமெரிக்க வம்சாவளியினருக்கு 34. அமெரிக்க லத்தினோ குழந்தைகளிடையே வேகமாக வளரும் லிம்ஃபோபிளாஸ்டிக் வகை இரத்தப் புற்றுநோய் மற்றக் குழந்தைகளைவிட அதிகமாகக் காணப்படுகிறது என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தேவை கூடுதலாக இருக்கும் இடத்தில்தான் வாய்ப்பு பாதியாக இருக்கிறது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேர்மையான விடை: உங்கள் செல்கள் அந்தப் பையனுக்குப் பொருந்துவது மிக அரிது. ஆனால் அதே ஆய்வில் தெற்காசியருக்கான வாய்ப்பு 33 விழுக்காடுதான். பதிவு செய்யுங்கள், நம்மவர் ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கலாம்.

நண்பரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். பாதி மட்டும் பொருந்தும் தாய் அல்லது தந்தையின் செல்களைக் கொடுத்து, அதன்பின் பொருந்தாமையால் வரும் எதிர்ப்பை அடக்கும் சைக்ளோபாஸ்பமைடு மருந்தைச் செலுத்தும் முறை பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் வளர்த்தெடுக்கப்பட்டு இப்போது பரவலாகக் கையாளப்படுகிறது. அது அந்தப் பையனுக்கு ஏற்றதா என்பதை அவனுடைய மருத்துவக் குழுவே சொல்ல வேண்டும், ஆனால் அவர்களிடம் கேட்காமல் விடவேண்டாம்.

நீலவேணி

ஸ்டெம் செல் கொடுத்தவள் என்ற முறையில் எழுதுகிறேன். முதுகுத்தண்டில் ஊசி ஏற்றுவார்கள் என்ற அச்சம்தான் பலரைத் தடுக்கிறது, அது தவறு. ஸ்டெம் செல்கள் இருக்கும் எலும்பு மஜ்ஜையாகவே எடுக்கும்போதும் மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்புறத்திலிருந்துதான் எடுக்கிறார்கள். பெரும்பாலான கொடைகளுக்கு அதுவும் தேவைப்படுவதில்லை. எனக்கு ஐந்து நாட்கள், ஸ்டெம் செல்களைப் பெருக்கி இரத்தத்துக்குள் வரவைக்கும் ஃபில்கிராஸ்டிம் ஊசி போட்டார்கள். மூன்றாம் நாளிலிருந்து இடுப்பும் முதுகும் காய்ச்சல் வந்ததுபோல் வலித்தன. ஐந்தாம் நாள் சாய்வு நாற்காலியில் அமர்த்தி, ஒரு கையிலிருந்து இரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்களைப் பிரித்துக்கொண்டு, மற்றக் கை வழியே திருப்பிச் செலுத்தினார்கள். இடையில் உதடுகள் விறுவிறுத்தபோது செவிலியர் கால்சியம் மாத்திரை தந்தார். மாலையில் வீட்டுக்கு வந்து இரசம் சோறு சாப்பிட்டுப் படுத்துவிட்டேன்.

கரையோரம்

கலிஃபோர்னியாவில் தேவாலயங்களிலும் கல்லூரிகளிலும் நடக்கும் பதிவு முகாம்களில் தன்னார்வலனாக உதவியிருக்கிறேன். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்துக் கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. 18 முதல் 40 வயதுக்குள் இருப்பவர் பதிவு செய்யலாம், இளையவர்களையே மருத்துவர்கள் பெரிதும் விரும்புகிறார்கள். சிக்கல் அதற்குப் பின்னால்தான் தொடங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து அழைப்பு வரும்போது எண் மாறியிருக்கும், அல்லது வீட்டார் பயந்து தடுப்பார்கள். வெள்ளையரல்லாத சமூகங்களில் இவ்வாறு விலகுவோர் கூடுதல் என்பது ஆய்வுகளிலும் பதிவான செய்தி. ஆகவே முகாமில் ஆங்கிலத் துண்டறிக்கையை நீட்டுவதைவிட, பதிவு செய்ய வரும் இளையவரின் பாட்டியோடும் அத்தையோடும் உட்கார்ந்து ஸ்பானிய மொழியில் விளக்கக்கூடிய ஒருவரை நிறுத்துங்கள். பிள்ளையைப் போக விடுவதும் தடுப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கிறது.

டெக்சாஸ்வாசி

மூவருக்கும் நன்றி. பெற்றோர் செல் பற்றி நண்பரிடம் சொன்னேன். திங்கட்கிழமை மருத்துவரிடம் கேட்கப்போகிறார். எனக்கு வயது 34, மாதிரி எடுக்கும் உறைக்கு இன்று காலை விண்ணப்பித்துவிட்டேன். வரும் ஞாயிறு ஸ்பானிய வழிபாடு முடிந்ததும் அவர்கள் தேவாலய வாசலில் மேசை போடுகிறோம். கொடையாளராக இருந்த ஸ்பானிய மொழியினர் யாரையேனும் சான் அன்டோனியோ பக்கம் தெரிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள்.