80-ஐத் தாண்டினால் விரல்கள் மரத்துப்போகின்றன: 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டியின் அதிர்வு இயல்பா, பழுதா?

கேள்வி (பெருந்துறை)

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது காற்றில் குளிரும் 500 சிசி ஒற்றை சிலிண்டர் வண்டி. இதுவரை 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மகள் ஓசூரில் வேலை பார்ப்பதால், மாதம் ஒருமுறை பெருந்துறையில் கிளம்பி பவானி, சங்ககிரி, சேலம், தருமபுரி வழியாகப் போய் மறுநாள் திரும்புவது என் வழக்கம். ஒருவழிக்கே இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வருகிறது.

ஐந்தாம் கியரில் 75 வரை வண்டி அமைதியாகத்தான் போகிறது. 80-ஐத் தாண்டியதும் வலது கைப்பிடியிலும் வலது ஃபுட்ரெஸ்டிலும் ஒரு ரீங்காரம் எழுகிறது. கண்ணாடியில் பின்னால் வரும் லாரியின் உருவம் கலங்கிவிடுகிறது. சேலம் போய்ச் சேர்வதற்குள் வலது கையின் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துவிடுகின்றன. தடிமனான ஸ்பாஞ்ச் கிரிப் போட்டுப் பார்த்தேன். கை இன்னும் சீக்கிரமாகவே அசந்துபோனது. ஒரு பட்டறையில் கோன் செட்டை (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்கை) மாற்றினார்கள்; பணம் செலவானதே தவிர அதிர்வு அப்படியே இருக்கிறது. ஒற்றை சிலிண்டர் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சிலர் சொல்கிறார்கள். ஆனால் இதே வண்டியில் முன்பு பலமுறை போய்வந்திருக்கிறேன், கை மரத்ததில்லை. மேற்கொண்டு எதையும் வாங்குவதற்கு முன் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மறுமொழி (கோவை, சிங்காநல்லூர்)

வணக்கம் அண்ணா. பம்ப் ரோட்டார்களுக்கும் இம்பெல்லர்களுக்கும் பேலன்ஸ் பார்ப்பது என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். சுழல்கிற பொருளைப் பேலன்ஸ் செய்வது எளிது: எடை கூடியிருக்கும் பக்கத்தில் சிறிது தேய்த்து எடுத்தால் போதும். பிஸ்டன் சுழல்வதில்லை, மேலும் கீழும் ஓடி, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை நின்று திரும்புகிறது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஒருமுறை ஓடும் தூரம், 90 மில்லிமீட்டர் என்றும், பிஸ்டனைக் கிராங்கோடு (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக மாற்றும் தண்டோடு) இணைக்கும் கனெக்டிங் ராட் கிராங்கின் ஆரத்தைப்போல நான்கு மடங்கு நீளம் என்றும் வைத்துக்கொண்டால், நிமிடத்துக்கு 3,600 சுற்றில் உச்சியில் திரும்பும் பிஸ்டன் புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 800 மடங்கு முடுக்கத்துக்கு உள்ளாகிறது. அரைக் கிலோ பிஸ்டன் அந்த நொடியில் 400 கிலோ எடைக்குச் சமமான விசையோடு என்ஜினை மேல்நோக்கி இழுக்கிறது என்று பொருள்.

கிராங்கில் எதிர் எடை வைத்து இதை முழுவதும் அடக்க முடியாது. மேல்கீழ் விசையை முழுவதுமாக அடக்கும் அளவுக்கு எடை வைத்தால், அதே எடை முன்னோ பின்னோ வரும்போது அங்கே எதிர்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் வண்டி முன்பின்னாக ஆடும். அதனால் பிஸ்டன் தரப்பு எடையில் ஏறத்தாழப் பாதியை மட்டும் ஈடுகட்டிவிட்டு, மீதியை இரண்டு திசைகளுக்கும் பங்கிட்டு விடுகிறார்கள். கிராங்குக்கு எதிர்த்திசையில் அதே வேகத்தில் சுழலும் பேலன்சர் ஷாஃப்ட் உள்ள என்ஜின்களில் அந்த மீதியும் பெரும்பாலும் அடங்கிவிடும். உங்கள் வண்டியில் அது இல்லையென்றால் ஓரளவு அதிர்வு அதன் பிறவிக்குணம். தோட்டத்துக் கிணற்று மேட்டில் பழைய ஆயில் என்ஜின் ஓடிப் பார்த்தவர்களுக்கு இது தெரியும். அடியில் கான்கிரீட் கட்டிப் போல்ட் போட்டால்தான் அது ஓரிடத்தில் நிற்கும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று, இந்த விசை சுற்று வேகத்தின் இருமடியாக வளரும் என்பது. 3,000-லிருந்து 3,600-க்கு ஏறினால் சுற்று ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. விசையோ 44 விழுக்காடு கூடிவிடுகிறது. அப்படியிருந்தாலும் அது படிப்படியாகக் கூட வேண்டுமே தவிர, நீங்கள் சொல்வதுபோல 80-இல் திடீரென எழக் கூடாது. திடீரென எழுந்தால், ஏதோ ஒரு பாகம் அந்தச் சுற்றில் ஒத்து அதிர்கிறது, அல்லது எங்கோ பிடிப்பு விட்டிருக்கிறது.

முதலில் அதிர்வு என்ஜினுடையதா, சக்கரத்தினுடையதா என்று பிரித்துவிடுங்கள். 80 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஏறத்தாழ 11 முறைதான் சுற்றும்; அதன் கோளாறு ஆட்டமாக, குலுக்கலாகத் தெரியும். என்ஜின் நொடிக்கு 60 முறை சுற்றுவதால் அதன் அதிர்வு ரீங்காரமாக, எறும்பு ஊர்வதுபோலத் தெரியும். ஆள் நடமாட்டம் இல்லாத நேரான சாலையில், பின்னால் வண்டி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, 65-இல் நான்காம் கியரிலும் ஐந்தாம் கியரிலும் மாறி மாறி ஓட்டிப் பாருங்கள். நான்கில் ரீங்காரம் எழுந்து ஐந்தில் அடங்கினால் அது என்ஜினுடையது. பிறகு 80-இல் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். அப்போதும் எஞ்சி நிற்பது சக்கரம், டயர், செயின் ஆகியவற்றின் வேலை. மூன்றாவதாக, சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி நியூட்ரலில் அதே சுற்றுக்குச் சில நொடிகள் மட்டும் கொண்டுபோய்ப் பாருங்கள். காற்றில் குளிரும் என்ஜினை நின்ற இடத்தில் நீண்ட நேரம் முறுக்கக் கூடாது.

மறுமொழி (தாராபுரம்)

அந்த அண்ணன் சொன்னதைச் செய்துவிட்டு, கையையும் கவனியுங்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் சேர்ந்து மரப்பது, உள்ளங்கையின் சுண்டு விரல் பக்க ஓரத்தில், மணிக்கட்டை ஒட்டி ஓடும் நரம்பு அழுந்துவதால் பெரும்பாலும் வருவது. உடம்பின் பாரம் கைமேல் விழும்படி உட்கார்ந்தால் அந்த இடம்தான் நசுங்கும். ஸ்பாஞ்ச் கிரிப் உங்களுக்குப் பலன் தராததற்கும் காரணம் உண்டு: பிடி தடித்தால் விரல்கள் அதை முழுவதும் வளைத்துப் பிடிக்க முடியாமல் இன்னும் இறுக்கிப் பிடிக்கும், இறுக்கிப் பிடித்தால் அதிர்வு கூடுதலாக ஏறும். பழைய கிரிப்பையே போடுங்கள். முன்கையும் மணிக்கட்டும் ஒரே கோட்டில் இருக்கும்படி பிரேக், கிளட்ச் லீவர்களைச் சற்றுக் கீழே திருப்பி வையுங்கள்.

எங்கள் பக்கம் ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது உடுமலை சாலையில் வண்டியைப் பிடித்து நிறுத்தவே கை இறுகிவிடும். அந்த நாட்களில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கிவிடுவேன். இறங்கிய பிறகும் மரப்பு மணிக்கணக்கில் விடாமல் இருந்தாலோ, விரல் வெளுத்துப்போனாலோ, மருத்துவரிடம் காட்டுவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

கேள்வி கேட்டவர் (பெருந்துறை)

இருவருக்கும் நன்றி. ஞாயிறு காலையில் சோதித்துப் பார்த்தேன். நான்காம் கியரில் 65-இலேயே ரீங்காரம் எழுந்தது, ஐந்தில் அடங்கிவிட்டது. கிளட்சைப் பிடித்தபோது ரீங்காரம் முற்றிலும் நின்றது, ஆனால் பின்பக்கம் மெல்லிய குலுக்கல் ஒன்று மீந்திருந்தது; இதுவரை அது எனக்குத் தெரியவே இல்லை. நியூட்ரலில் முறுக்கியபோது ரீங்காரம் பாதிதான் இருந்தது. யோசித்துப் பார்த்தால், போன மாதம் தொப்பூர் ஏற்றத்தில் ஏறும்போது அதிகமாகவும், திரும்பி இறங்கும்போது குறைவாகவும் இருந்தது நினைவுக்கு வருகிறது.

மறுமொழி (கோபிசெட்டிபாளையம்)

தம்பி, நான் முப்பது வருடமாக மெக்கானிக். பாரம் இழுக்கும்போது கூடி, பாரமில்லாதபோது குறைகிறது என்றால் என்ஜினைச் சட்டத்தோடு பிடித்து வைக்கும் மவுண்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: இது தொடங்குவதற்கு முன் ஹெட்டை (சிலிண்டரின் மேல்மூடியை) கழற்றினார்களா?

கழற்றியிருந்தால், ஹெட்டையும் சட்டத்தையும் இணைக்கும் தகட்டைக் கழற்றிப் பாருங்கள். ஸ்பானர் வைத்து இறுக்கமாக இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. போல்ட்டைச் சுற்றிக் காவி நிறத்தில் பொடி படிந்திருந்தால், இறுக்கியதுபோலத் தோன்றினாலும் உள்ளே உரசிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். தகட்டின் துளை முட்டை வடிவமாகியிருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, தகட்டையே மாற்ற வேண்டும். மாற்றும்போது அந்த ஒரு போல்ட்டை மட்டும் முறுக்காதீர்கள். எல்லா மவுண்ட் போல்ட்டுகளையும் தளர்த்தி, என்ஜினைச் சட்டத்தில் இழுப்பில்லாமல் அமர விட்டு, கீழிருந்து தொடங்கி, ஹெட் தகட்டைக் கடைசியாக, இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் இறுக்குவது என் வழக்கம். அளவை வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நட்டிலிருந்து தகடு வரை வெள்ளைப் பெயின்ட்டில் ஒரு கோடு போட்டு வையுங்கள். நட்டு அசைந்தால் கோடு காட்டிக்கொடுக்கும்.

மீந்த குலுக்கலுக்கு, பின் சக்கரத்தைக் கையால் சுற்றி நான்கைந்து இடங்களில் செயினின் தொய்வை அளந்து பாருங்கள். ஓரிடத்தில் விறைப்பாகவும் ஓரிடத்தில் தொங்கலாகவும் இருந்தால் செயினும் ஸ்பிராக்கெட்டும் சேர்ந்தே போக வேண்டியவை. சக்கரத்தைக் கழற்றும்போது குஷ் ரப்பரையும் (ஸ்பிராக்கெட்டுக்கும் சக்கரத்துக்கும் நடுவே இழுப்பின் அதிர்ச்சியைத் தாங்கும் ரப்பரை) பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர் (பெருந்துறை)

ஆமாம் அண்ணா, எட்டு மாதம் முன்பு வால்வு வேலைக்காக ஹெட்டைக் கழற்றினார்கள். இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. நேற்று ஈரோட்டில் வேறு ஒரு மெக்கானிக்கிடம் விட்டு, பக்கத்திலேயே நின்று பார்த்தேன். நீங்கள் சொன்ன அந்தக் காவிப் பொடி அப்படியே இருந்தது. வாஷர் இல்லாமல் மாட்டியிருந்ததால் தகட்டின் துளை ஒரு பக்கம் தேய்ந்து நீண்டிருந்தது. தகடு, போல்ட், வாஷர் புதிதாகப் போட்டு, நீங்கள் சொன்ன வரிசையிலேயே இறுக்கினோம். குஷ் ரப்பர் கல்லாக இறுகியிருந்தது. அதையும் செயின் செட்டையும் மாற்றினேன். ஸ்பாஞ்சைக் கழற்றிவிட்டுப் பழைய கிரிப் போட்டு, லீவர்களைத் திருப்பி வைத்தேன்.

மறுமொழி (கோவை, சிங்காநல்லூர்)

நல்லது அண்ணா. ஓசூர் போய்வந்து எந்த வேகத்தில் என்ன மீதமிருக்கிறது என்று சொல்லுங்கள். அதன் பிறகும் கைப்பிடியில் மட்டும் ரீங்காரம் இருந்தால், ஹேண்டில் பாரின் இரு முனைகளிலும் எடை வைத்துப் பார்க்கலாம். எடை கூடினால் பாரின் இயல்பான அதிர்வெண் இறங்கும், ஆகவே ஒத்து அதிரும் சுற்று நீங்கள் வழக்கமாக ஓட்டும் வேகத்திலிருந்து விலகும். மவுண்டைச் சரி செய்வதற்கு முன் அதை வைத்திருந்தால் நோயை மூடி மறைத்ததுபோல ஆகியிருக்கும்.

கேள்வி கேட்டவர் (பெருந்துறை)

போய்வந்துவிட்டேன். 85 வரை கைப்பிடியில் மெல்லிய துடிப்பு மட்டுமே இருக்கிறது, கண்ணாடியில் லாரியின் எண் பலகை தெளிவாகத் தெரிகிறது, தொப்பூர் ஏற்றத்திலும் ரீங்காரம் இல்லை. 90-இல் ஃபுட்ரெஸ்டில் சிறிது அதிர்வு எழுகிறது. ஆனால் நான் 80-இலேயே போகிறேன், அதனால் முனை எடை வாங்கவில்லை. சங்ககிரியிலும் தருமபுரியிலும் இறங்கிக் கையை உதறிக்கொண்டேன். ஓசூர் வரை விரல் மரக்கவில்லை. வெள்ளைக் கோடு போட்ட இடத்திலேயே நிற்கிறது. அடுத்த பயணத்துக்கு முன் மறுபடி பார்த்துவிட்டு எழுதுகிறேன்.