புயல் ஓய்ந்த மறுநாள் தெருவில் யாரைக் கண்டீர்கள்? (அனுபவப் பகிர்வு)

ஸ்காபரோ, மார்க்கம் வீதிப் பக்கத்திலிருந்து:

2022 ஜனவரி 17, திங்கட்கிழமை ரொறன்ரோவில் கொட்டின சினோவை (பனியை) இங்கே இருக்கிற எவரும் மறந்திருக்கமாட்டீர்கள். தைப்பொங்கல் முடிந்து மூன்றாம் நாள். கொரோனாவால் வீட்டிலிருந்து படித்த பிள்ளைகள் அன்றுதான் திரும்பப் பள்ளிக்கூடம் போக இருந்தார்கள். சில இடங்களில் 55 சென்ரிமீற்றர் வரை விழுந்ததாக மாநகரசபை பிறகு சொன்னது. டொன் வலி பார்க்வே, கார்டினர் என்ற நகரின் பெருந்தெருக்களை மூடினார்கள். 500க்கும் மேற்பட்ட பஸ்கள் நின்ற நின்ற இடத்திலேயே புதைந்துபோயின. அதற்கு அடுத்தநாள் நீங்கள் தெருவில் கண்ட ஆட்களைப் பற்றிக் கேட்கத்தான் இதைத் தொடங்குகிறேன்.

செவ்வாய் விடிய எங்கள் தெரு முழுக்கச் சினோ அள்ளுகிற சவல் சத்தம். காரை வெளியே எடுக்கிற அவசரத்தில் எல்லோரும் வீட்டு முன்னால் கார் விடுகிற டிரைவ்வேயில் நின்றோம். பிரதான வீதியைப் பிளவ் (சினோ தள்ளுகிற வண்டி) வழித்துவிட்டது. வழித்த சினோ அவ்வளவும் கரையில், பஸ் தரிப்பிடத்துக்கு மேலே, இடுப்பளவுக்குக் குவிந்து கிடந்தது. அந்த மேட்டுக்கு வெளியே, கார் ஓடுகிற தடத்திலேயே ஒரு அம்மா நின்றா. அறுபது வயதிருக்கும்.

“அன்ரி, ரோட்டில நிக்காதேங்கோ. கார் வழுக்கினா ஆபத்து.”

“வேற எங்கை தம்பி நிக்கிறது? மேட்டுக்கு அங்கால நிண்டா ட்ரைவருக்கு என்னைத் தெரியாது.”

தனியே இருக்கிற ஒரு வயதான மனுசிக்கு முகம் கழுவி, உடுப்பு மாற்றி, காலைச் சாப்பாடு கொடுக்கப் போகிறாவாம். முதல்நாள் போகமுடியவில்லை. “அவ நேற்று என்ன சாப்பிட்டாவோ தெரியேல்லை” என்று திரும்பத் திரும்பச் சொன்னா. அந்தக் குரலைக் கேட்ட பிறகு டிரைவ்வேயில் நிற்க மனம் வரவில்லை. சவலை எடுத்துக்கொண்டு போனேன். முன்வீட்டு பிலிப்பீன்ஸ்காரரும் மகனும் கேட்காமலே வந்தார்கள். பிளவ் தள்ளின சினோ இலேசில் வெட்டுப்படாது. நசுங்கி, உப்பில் கொஞ்சம் கரைந்து, இரவுக் குளிரில் திரும்ப உறைந்து கல்லாகிவிடும். பஸ் கதவு திறக்கிற அளவுக்கு ஒரு வாசல் வெட்டவே வியர்த்துக் கொட்டியது.

கார் இல்லாத சனம்தான் முதல் பஸ்ஸில் ஏறி ஆஸ்பத்திரிக்கும் முதியோர் இல்லத்துக்கும் தொழிற்சாலைக்கும் போகிறது. அவர்கள் நடக்கிற இடம்தான் கடைசியாகத் துப்புரவாகிறது. பிளவ் ஓட்டுகிறவரைக் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை, சினோவை அவர் எங்கேயாவது தள்ளத்தானே வேண்டும். ஆனால் ஒழுங்கு இப்படியே இருப்பது சரியில்லை என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஏஜாக்ஸிலிருந்து:

நான் முதியோர் இல்லத்தில் வேலை. அந்தத் திங்கள் காலை எங்களை மாற்ற வரவேண்டிய ஆக்களில் பாதிப்பேர் வந்துசேரவில்லை. இரவு நின்ற நாங்களே பகலும் நின்றோம். பத்து மணிபோல, குசினியில் வேலை செய்கிற ஒரு பிள்ளை நடந்தே வந்து சேர்ந்தாள். சப்பாத்துக்குள் முழுக்கச் சினோ. அதைக் கழற்ற முதலே, “கஞ்சி குடுத்தாச்சா?” என்றுதான் கேட்டாள். அவளைக் கட்டிப்பிடிக்க ஆசையாக இருந்தது. அந்த நாளில் கட்டிப்பிடிக்க அனுமதி இல்லை.

பிரம்டனிலிருந்து:

எங்கள் பேஸ்மென்டில் பஞ்சாப் மாணவர்கள் வாடகைக்கு இருந்தார்கள். புயல் இரவு கீழே கார்பன் மொனொக்சைட் அலாரம் அடித்தது. பிள்ளைகள் ஓடிவந்து கதவைத் தட்ட, எல்லோரும் ஜக்கெற்றோடு வெளியே போய் நின்று 911க்கு அடித்தோம். தீயணைப்புப் படையினர் வந்து கருவியால் அளந்தார்கள். பிறகு ஒருவர் வீட்டின் பக்கச் சுவரோரம் போய்க் கையாலேயே சினோவைத் தோண்டினார். உள்ளே இரண்டு வெள்ளைப் பிளாஸ்ரிக் குழாய்கள். வீட்டைச் சூடாக்குகிற பேர்னஸ் காற்றெடுப்பதும் புகை விடுவதும் அவற்றால்தான். நிலத்திலிருந்து உயரம் குறைவு, காற்று சினோவை அந்தப் பக்கம் அள்ளிக்கொண்டுவந்து மூடிவிட்டது. இந்த வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நித்திரையில் இருந்தால் தெரியவே வராது.

போகும்போது அவர் இன்னொன்றும் சொன்னார்: புகைக்குழாய் சினோவில் மூடியிருக்கிற காரை ஸ்ரார்ட் செய்து பிள்ளைகளைச் சூட்டுக்கு உள்ளே இருத்தாதீர்கள், முதலில் பின்பக்கத்தை வழியுங்கள் என்று. டிரைவ்வேக்கு முதல் அந்தக் குழாய்கள், தயவுசெய்து.

மொன்றியலிலிருந்து:

உங்கள் பஸ் தரிப்பிடக் கதையை வாசிக்கக் கவலையாக இருந்தது. இங்கே பெரிய சினோ கொட்டினால் கரையில் தள்ளுவதோடு விடமாட்டார்கள், அள்ளிக்கொண்டு போவார்கள். தெருவில் செம்மஞ்சள் அறிவிப்பு நடுவார்கள். குறித்த நேரத்துக்கு முன் சைரன் ஊதும். அப்போதும் நிற்கிற கார்களை இழுத்துப் போவார்கள். பிறகு பெரிய ஊதி இயந்திரம் சினோவை உறிஞ்சிப் பக்கத்தில் ஊர்கிற லொறிக்குள் கொட்டும். சென் மிஷெலில் உள்ள பழைய பிரான்கொன் கல்லுடைப்புக் குழிக்கு அதில் கனக்கப் போகிறது, கோடை வந்தும் அங்கே கறுத்த மலையாகக் கிடக்கும்.

சைரன் கேட்டதும் எங்கள் கட்டடத்தில் ஒரு ஹெயிட்டிக்காரர் மாடி மாடியாக ஓடிக் கதவு தட்டுவார். இரவு வேலை செய்து தூங்குகிற ஆக்கள் யார் யார் என்று அவருக்குப் பாடம். என் மனுசியின் திறப்பை வாங்கி அவரே காரை மாற்றி விட்டும் இருக்கிறார்.

ஸ்காபரோ, மல்வேர்னிலிருந்து:

என் கணவர் சக்கர நாற்காலியில். கிழமைக்கு மூன்று தரம் டயாலிசிஸ். நடைபாதையை இயந்திரம் வழித்துவிட்டுப் போகும், ஆனால் மூலையில் வீதிக்கு இறங்குகிற சரிவில் பிளவ் மேடு எழுப்பிவிடும். நடக்கிறவர்கள் ஒருவாறு ஏறிக் கடப்பார்கள், நாற்காலி என்ன செய்யும்? அந்தச் செவ்வாய் நான் மூலையில் நின்று அழுதுகொண்டிருந்தேன். தபால் கொண்டுவந்த பெண் பையை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் சவல் வாங்கி வந்து வெட்டத் தொடங்கினா. அதைப் பார்த்துத்தான் மற்றவர்கள் வந்தார்கள்.

இப்போது எங்கள் மூலையில் நாலு வீட்டுக்காரர் முறை போட்டிருக்கிறோம். மாநகரசபையின் 311க்கும் அடித்துச் சொல்லுவோம், ஆனால் பார்த்துக்கொண்டிருக்கமாட்டோம். சரிவு, பஸ் தரிப்பிடம், தீயணைப்புத் தண்ணீர்க் குழாய், அதுக்குப் பிறகுதான் அவரவர் டிரைவ்வே. எங்கள் வீட்டு முறை திங்களும் வெள்ளியும், டயாலிசிஸ் இல்லாத நாட்கள்.