பதில்: ‘அன்லிங்க்ட் கேஸ்’ – ‘தடமறியாத் தொற்று’ எனலாமா?

வணக்கம்.

யாரிடமிருந்து தொற்றியது என்று கண்டுபிடிக்க முடியாத நோய்த்தொற்றை ஆங்கிலத்தில் ‘அன்லிங்க்ட் கேஸ்’ (unlinked case) என்கிறார்கள். அதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்ற கேள்விக்கு, ‘தொடர்பில்லாத் தொற்று’ என்றே முடித்துவிடலாம் என்று இந்த உரையாடல் இழையில் பலரும் சொல்லிவிட்டீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அந்தச் சொல்லை ஒரு நோயாளியின் விடுதித்தோழரிடம் வாய்விட்டுச் சொன்னவள் நான்.

2020 ஏப்ரலில், சிங்கப்பூரில் கொவிட் பரவியபோது, வெளிநாட்டு ஊழியர்களுக்குத் தொலைபேசியில் மொழிபெயர்த்த தொண்டூழியர்களில் நானும் ஒருத்தி. அந்த மாதம் 5ஆம் தேதிதான் பொங்கோல், தோ குவான் பகுதிகளில் அந்த ஊழியர்கள் வசித்த இரண்டு தங்குவிடுதிகளைத் தனிமைப்படுத்தும் இடங்களாக அறிவித்தார்கள். ஏறத்தாழ 20,000 பேர் அறைக்குள் அடைபட்டார்கள். வேறொரு விடுதியில் இருந்த அறந்தாங்கித் தம்பியிடம், அவர் மாடியில் கண்டுபிடித்த தொற்று ‘தொடர்பில்லாதது’ என்று கையிலிருந்த குறிப்பை அப்படியே படித்தேன். “அப்ப எங்களுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லதானேக்கா?” என்றார். குரலில் அப்படியொரு நிம்மதி. உண்மையோ நேர்மாறு. யாரிடமிருந்து வந்தது என்று தெரியாததால்தான் அந்த மாடியில் எல்லாரும் கவனமாக இருக்க வேண்டியிருந்தது. திரும்ப விளக்கினேன். மறுமுனையில் வெகுநேரம் பேச்சே இல்லை.

சொல்லில் இருந்த கோளாறு இதுதான்: தொடர்பு இல்லாமல் இல்லை. யாரோ ஒருவர் இருமியிருக்கிறார், யாரோ வாங்கிக்கொண்டிருக்கிறார். அந்த யாரோ நமக்கு இன்னும் பிடிபடவில்லை, அவ்வளவே.

சிங்கப்பூரில் முதல் கொவிட் தொற்று உறுதியானது 2020 ஜனவரி 23இல். ஊகானிலிருந்து வந்த பயணி என்பதால் அது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கே இடமில்லை. பிப்ரவரி 7ஆம் தேதி நிறங்களால் குறிக்கும் நோய்ப்பரவல் விழிப்புநிலையை ஆரஞ்சுக்கு உயர்த்தியபோது சுகாதார அமைச்சு சொன்ன முக்கியக் காரணம், சீனாவுக்குப் போகாத, முன்பு பாதிக்கப்பட்டவர்களோடு தொடர்பும் பிடிபடாத சிலருக்குத் தொற்று வந்திருந்ததுதான். அன்று மாலையே அரிசிக்கும் மீ (நூடுல்ஸ்) பாக்கெட்டுக்கும் சனம் கடைகளில் முண்டியடித்தது. ஊரையே உலுக்கிய ஒரு கருத்துக்குத் தமிழில் சரியான பெயர் இல்லாமல் இருக்கலாமா?

அந்த நேரத்தில் இரண்டு தேவாலயங்களில் தனித்தனியாகத் தொற்றுக் குழுமங்கள், அதாவது ஒன்றோடொன்று தொடர்புள்ள நோயாளிகளின் கூட்டங்கள், இருந்தன. இரண்டையும் இணைக்கும் ஆள் அகப்படவில்லை. ஏற்கனவே குணமாகியிருந்த ஒரு தம்பதியின் இரத்தத்தில், முன்பு தொற்றியிருந்ததைக் காட்டும் எதிர்ப்பான்களைத் தேடிய பிறகுதான் விடை கிடைத்தது: ஜனவரி 25, சீனப் புத்தாண்டு அன்று நடந்த ஒரு குடும்ப விருந்து. அங்கே ஒரு குழுமத்தைச் சேர்ந்தவர்களும் மற்றதைச் சேர்ந்தவரும் ஒன்றாக உண்டிருக்கிறார்கள். பிப்ரவரி 25இல் அமைச்சு இதை வெளியிட்டது. நேற்று ‘தொடர்பில்லாதது’ என்றிருந்தால் இன்று என்ன சொல்வது? தொடர்பு முளைத்துவிட்டது என்றா?

‘மூலமறியாத் தொற்று’ என்ற பரிந்துரைக்கும் எனக்கு மனம் ஒப்பவில்லை. மருத்துவமனைத் தாளில் ‘மூலம்’ என்றால் எந்த நோயை நினைப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. பொருளிலும் பிசகு இருக்கிறது. மூலம் என்றால் முதல் ஆள், ஊற்றுக்கண். நாம் தேடுவது சங்கிலியில் இவருக்கு முந்திய ஒரே ஒரு கண்ணியை.

ஆகவே ‘தடமறியாத் தொற்று’. நம் செய்தித்தாள் வாசகர்களுக்கு ‘தொடர்புத் தடமறிதல்’ (நோயாளியோடு பழகியவர்களைத் தேடிக் கண்டறிவது) ஏற்கனவே பழகிய சொல். அதே வினையிலிருந்து இதுவும் பிறக்கிறது. தொடர்பு தெரிந்ததும் ‘தடமறிந்த தொற்று’ என்று ஓரிரு எழுத்து மாற்றினால் போதும். குறை நோயாளி மீதும் விழவில்லை. தேடுகிறவர் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறது.

‘2003 சார்ஸ் காலத்தில் இந்தச் சொல் இல்லாமலே சமாளித்தோமே’ என்று ஒரு ஐயா கேட்டிருந்தார். அன்று இங்கே 238 பேருக்குத் தொற்றியது. 33 பேரை இழந்தோம். அதன் கொடுமையைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் சார்ஸ் பெரும்பாலும் நோய் முற்றியவரிடமிருந்தே பரவியது, அதனால் தடம் தெரிந்தது. கொவிட் அறிகுறியே இல்லாதவரிடமிருந்தும் பரவியது. தடம் அங்கேதான் அறுந்தது.

ஒன்றில் மட்டும் எனக்கு உங்கள் உதவி வேண்டும். தொற்று எண்ணிக்கை அட்டவணையின் தலைப்புக்குத் ‘தடமறியாத் தொற்று’ சரி. தொலைபேசியில் படித்துக்காட்டும் குறிப்பில் ‘யாரிடமிருந்து வந்தது என்று இன்னும் தெரியாத தொற்று’ என்றே நீட்டி எழுதலாம் என நினைக்கிறேன். அந்த ‘இன்னும்’ விடுபடக்கூடாது. விடுதிகளில் வேலை செய்கிறவர்கள் யாராவது இழையில் இருந்தால், இரண்டையும் அங்குள்ள தம்பிகளிடம் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.