பாடசாலை மைதானத்துக்குச் செயற்கைப் புல் போடலாமா? பிள்ளைகளுக்கு ஆபத்தா?

களுதாவளை அக்கா

வணக்கம். எங்கட பாடசாலையின் பெரிய மைதானத்துக்குச் செயற்கைப் புல் போட்டுத் தருகிறோம் என்று வெளிநாட்டிலிருக்கும் பழைய மாணவர்கள் முன்வந்திருக்கிறார்கள். நல்ல மனதோடு வந்த உதவி, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. போன கூட்டத்தில் ஒப்பந்தக்காரர் ஒரு துண்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தார். பச்சை இழைகளுக்கு இடையில் இடித்த மிளகு மாதிரிக் கறுப்பு மணிகள். விரலை விட்டுக் கிளறினேன், நகத்துக்குள் போய் அப்பிக்கொண்டது, மணந்து பார்த்தால் டயர் ஒட்டுகிற கடை வாசம். என்ன இது என்று கேட்டதற்கு, பழைய டயரை அரைத்தது, உலகம் முழுக்கப் பாவிக்கிறார்கள், ஒன்றும் செய்யாது என்றார். அதோடு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்கள்.

எனக்கு மனம் ஆறவில்லை. சின்னவன் நாலாம் வகுப்பு, கோல் காக்கிறவன், விழுந்து புரண்டுதான் வீட்டுக்கு வருவான். மூத்தவளுக்கு இழுப்பு இருக்கிறது. வட்ஸ்அப்பில் ஒருவர் புற்றுநோய் வரும் என்று அனுப்புகிறார், இன்னொருவர் அது சுத்தப் பொய் என்கிறார். அதைவிடப் பெரிய பயம் வெயில். கச்சான் அடிக்கிற காலத்தில் வெறும் மணலிலேயே செருப்பில்லாமல் நிற்க முடியாது, அதற்கு மேல் பிளாஸ்டிக்கை விரித்தால் என்ன ஆகும்? அடுத்த மாதம் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டம். உதவி செய்ய வருகிறவர்களை முறித்துப் பேசவும் விருப்பமில்லை, வாயை மூடிக்கொண்டு இருக்கவும் முடியவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதைக் கேட்கவேண்டும்?

ஒஸ்லோ மட்டக்களப்பான்

அக்கா, நான் நோர்வேயில் இருக்கிறேன், இங்கே மூலைக்கு மூலை இந்த மைதானம்தான், குளிர்காலம் நீளமானபடியால் புல் வளர்க்கக் கஷ்டம். என்ர பிள்ளைகள் இரண்டு பேரும் இதில்தான் உதைபந்து விளையாடுகிறார்கள். நீங்கள் பார்த்த அந்தக் கறுப்பு மணி சப்பாத்துக்குள்ளும் காலுறைக்குள்ளும் வீட்டுக்கு வரும், உடுப்புத் தோய்க்கிற மெசினின் ரப்பர் வளையத்துக்குள் விரலை விட்டால் ஒரு பிடி எடுக்கலாம்.

முதலில் புற்றுநோய்க் கதையைச் சொல்கிறேன். அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு உதைபந்துப் பயிற்றுநர், புற்றுநோய் வந்த விளையாட்டுக்காரர்களின் பட்டியல் ஒன்றைச் சேர்த்தார், அதில் கோல் காப்பாளர்கள் நிறையப் பேர் இருந்தபடியால்தான் உலகமே பயந்தது. அந்த மாநிலச் சுகாதாரத் திணைக்களம் அதை ஆராய்ந்து 2017ல் அறிக்கை விட்டது. அந்த வயதுப் பிள்ளைகளிடம் சாதாரணமாக எதிர்பார்க்கிற அளவைவிட அந்தப் பட்டியலில் புற்றுநோய் கூடவில்லை என்பதுதான் முடிவு. அமெரிக்கச் சுற்றாடல் பாதுகாப்பு நிறுவனமும் வேறு இரண்டு அரச நிறுவனங்களும் 2016ல் தொடங்கிய ஆய்வின் கடைசிப் பகுதி 2024ல் வந்தது. மணிக்குள் ஈயம், துத்தநாகம், பென்சோபைரீன் போன்ற இரசாயனங்கள் இருக்கின்றன, ஆனால் விளையாடுகிறவர் உடம்புக்குள் போகிற அளவு குறைவாக இருக்கும் என்று எழுதியிருக்கிறார்கள். அதனால் வட்ஸ்அப் செய்தியை நம்பி நித்திரையைக் கெடுக்கவேண்டாம்.

ஆனால் "ஒன்றும் செய்யாது" என்று ஒப்பந்தக்காரர் சொன்னதையும் அப்படியே விழுங்கவேண்டாம். டயரில் பி.ஏ.எச் என்கிற ஒரு கூட்டம் இரசாயனம் இருக்கிறது, அதில் சில புற்றுநோயை உண்டாக்கும் என்று நிரூபிக்கப்பட்டவை. ஐரோப்பாவில் 2022 ஆகஸ்ட் தொடக்கம் அவற்றில் எட்டு வகை எல்லாம் சேர்ந்து ஒரு கிலோ மணியில் 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. அதற்குப் பிறகு 2023ல் இன்னொரு சட்டம் வந்தது. நுண்பிளாஸ்டிக் பரவுகிறது என்பதற்காக 2031 ஒக்டோபருக்குப் பிறகு இந்த மணிகளை ஐரோப்பியச் சந்தையில் விற்கவே முடியாது. நோர்வேயில் 2021 தொடக்கம் மணி வெளியே போகாதபடி மைதானத்தைச் சுற்றித் தடுப்பு இருக்கவேண்டும் என்பது சட்டம். ஐரோப்பாவில் கதவு மூடுகிற சரக்கு வேறு எங்கே மலிவாகப் போகும் என்று யோசித்துப் பாருங்கள். பி.ஏ.எச் பரிசோதனை அறிக்கையைக் கேளுங்கள், எந்தத் தொகுதிச் சரக்கு, எந்த ஆய்வுகூடம் என்று தாளில் இருக்கவேண்டும். தர மறுத்தால் அந்த ஆளோடு மேற்கொண்டு பேசத் தேவையில்லை.

கல்முனைக் கோச்

எல்லாரும் ஒரேயடியாகப் பயமுறுத்துகிறபடியால் மற்றப் பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். எங்கட மைதானங்கள் எப்படி இருக்கின்றன என்று ஒஸ்லோத் தம்பிக்கு மறந்துபோயிருக்கும். அரைவாசி கிறவல், அரைவாசி நெருஞ்சி முள். கோல் வாசலில் கிடங்கு. மதில் பக்கம் உடைந்த போத்தல் ஓடு, அதை ஒவ்வொரு பின்னேரமும் பிள்ளைகளைக் கொண்டு பொறுக்கிவிட்டுத்தான் பயிற்சி தொடங்குகிறேன். மாரி வந்தால் கார்த்திகையில் தண்ணீர் ஏறும், தைப்பொங்கல் வரைக்கும் சேறு வற்றாது, அதற்குள் வலயமட்டப் போட்டி வந்துவிடும். கொழும்பு, கண்டிப் பிள்ளைகளோடு எங்கட பிள்ளைகள் போய் மோதும்போது பந்து நேராக உருளுகிற ஒரு தரையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் காணுகிறார்கள்.

செயற்கைத் தரையை பீஃபாவே தரம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கிறது. 2015 மகளிர் உலகக் கிண்ணம் கனடாவில் முழுக்க முழுக்க அதில்தான் நடந்தது. பெண் பிள்ளைகள் கிறவலில் விழப் பயந்து அணியை விட்டுப் போவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு இருக்கிறவன் நான். பத்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிற உதவி இது, அதையும் அந்த அறிக்கை, இந்த அறிக்கை என்று துரத்திவிட்டால் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது அதே கிறவல்தான்.

அம்பாறைத் தாதி

கோச் சேர், நீங்கள் சொல்கிற கவலை நியாயம், நானும் கிறவல் மைதானத்தில் ஓடினவள்தான். ஆனால் 2015 கனடாப் போட்டியைச் சொன்னீர்களே, ஆண்களுக்குப் புல், எங்களுக்கு மட்டும் பிளாஸ்டிக்கா என்று அந்த வீராங்கனைகள் போட்டிக்கு முன்னமே சட்ட நடவடிக்கை வரைக்கும் போனார்கள், அவர்களில் ஒருவர் தோல் உரிந்த தன் கால்களைப் படம் எடுத்தும் போட்டார்.

வெளிநோயாளர் பிரிவில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். இரவு வெளிச்சத்தில் வாடகைக்கு விடுகிற ஃபுட்சல் தரைகள் இப்போது நம்ம பக்கமும் வந்துவிட்டன. அங்கே சறுக்கி விழுந்த பிள்ளையின் காயம் மண்ணில் விழுந்த காயம் மாதிரி இல்லை. ஆழமாக வெட்டாது, ஆனால் முழங்காலிலிருந்து தொடைப் பக்கம் வரைக்கும் மேல்தோல் ஒரே பட்டையாக உரிந்து, ஈரமாக மினுங்கிக்கொண்டு, நடுநடுவே கறுப்பு மணி ஒட்டியிருக்கும். அதை ஒவ்வொன்றாகக் கழுவி எடுக்கும்போது பிள்ளை அழுகிற அழுகை தாங்க ஏலாது. தாய்மார் இது வெறும் சிராய்ப்பு என்று விட்டுவிடுவார்கள், பற்பசை பூசிக்கொண்டு வந்தவர்களும் உண்டு, மூன்றாம் நாள் சீழோடு வருவார்கள். அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியில் 2003ல் மருந்துக்கு அடங்காத கிருமி பரவினபோது, அது புகுந்த வழி இந்தத் தரைச் சிராய்ப்புகள்தான் என்று கண்டுபிடித்தார்கள். விழுந்த உடனே ஓடுகிற தண்ணீரும் சவர்க்காரமும் வேண்டும், மைதானத்துக்குப் பக்கத்திலேயே குழாய் இருக்கவேண்டும். இதைத் திட்டத்தில் ஒருத்தரும் எழுதமாட்டார்கள், அக்கா நீங்கள் எழுதச் சொல்லுங்கள்.

மூத்த மகளின் இழுப்பைப் பற்றி அவவைப் பார்க்கிற டொக்டரிடமே கேளுங்கள், நான் இங்கே ஒன்று சொல்வது சரியில்லை.

எனக்கும் பெரிய பயம் சூடுதான். அமெரிக்காவில் பிரிகம் யங் பல்கலைக்கழகத்தில் 2002ல் தங்கட மைதானத்தை அளந்தார்கள். காற்று 37 பாகை இருந்த நாளில் செயற்கைத் தரை 93 பாகை வரைக்கும் போயிருக்கிறது. தண்ணீர் அடித்தால் ஆறும் என்று ஒப்பந்தக்காரர் சொல்வார். அதையும் அவர்களே பார்த்தார்கள், 79 பாகையில் இருந்த தரைக்குத் தண்ணீர் பாய்ச்ச 29க்கு இறங்கியது, ஐந்து நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73. அங்கே வெயில் உலர்ந்தது, மலை நாடு, எங்கட கணக்கு அப்படியே இருக்காது. ஆனால் அவர்கள் 49 பாகையைத் தாண்டினால் விளையாட்டை நிறுத்து என்று விதி வைத்தார்கள், அந்த விதியை இங்கே வைத்தால் வைகாசியில் காலை பத்து மணி உடற்பயிற்சிப் பாடம் நடக்குமா என்று எனக்குச் சந்தேகம். 2024ல் மாசி வெயிலுக்கே பிள்ளைகளை வெளியில் விளையாட விடவேண்டாம் என்று கல்வி அமைச்சு அறிவித்தது. அப்போது மைதானத்தில் இருந்தது மண். எங்கட பிள்ளைகளில் எத்தனை பேர் வெறுங்காலோடு விளையாடுகிறார்கள்? பெரியவனுக்குச் சப்பாத்து வாங்கினால் சின்னவனுக்கு அடுத்த வருஷம் என்கிற வீடுகள்தானே அதிகம்.

ஓய்வுபெற்ற டீ.ஓ.

நான் கட்டட, வடிகால் வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து ஓய்வுபெற்றவன். கோச் தம்பி சேற்றைப் பற்றிச் சொன்னதற்கு மட்டும் பதில் எழுத வந்தேன், கொஞ்சம் நீளும்.

செயற்கைத் தரை மழையில் நல்லாக இருப்பதற்குக் காரணம் மேலே இருக்கிற பிளாஸ்டிக் இல்லை, கீழே போடுகிற அடித்தளம். மண்ணை வெட்டி, மட்டம் எடுத்து, கல் படுக்கை போட்டு, துளைக் குழாய் புதைத்து, தண்ணீரை வெளியே கொண்டுபோய் விடுகிறார்கள். பணத்தில் நல்ல பங்கு மண்ணுக்குள்தான் போகிறது. அதே வேலையைச் செய்து, மேலே ஆற்று மணலும் நல்ல மண்ணும் கலந்து, நடுவை ஓரத்தைவிட ஒரு முழம் உயர்த்திச் சரிவு கொடுத்து, அறுகம்புல் நட்டால் தையில் சேறு இருக்காது. இதுவரை எங்கட பாடசாலைகளில் புல் மைதானம் தோற்றது புல்லால் இல்லை, அடித்தளத்துக்கு ஒருத்தரும் ஒரு சதம் செலவழிக்காமல் வெறும் நிலத்தில் புல்லைத் தூவினதால்.

மற்றது, வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஊர்களில் மாரிக்கு நிலத்தடி நீர் கையெட்டுகிற ஆழத்துக்கு வந்துவிடும். குழாய் புதைத்தாலும் தண்ணீர் போக இடம் வேண்டுமே? வெளியேறும் வாய்க்கால் எங்கே என்று வரைபடத்தில் காட்டச் சொல்லுங்கள். வெள்ளம் மைதானத்துக்கு மேலால் ஓடினால் அந்த மணி முழுக்க வாவிக்குத்தான். பெரிய மைதானம் ஒன்றுக்கு 100 தொன்னுக்கு மேல் மணி கொட்டுவார்கள் தம்பி. ஐரோப்பாவில் வெள்ளம் இல்லாமலே வருஷத்துக்கு 16,000 தொன் வரை சுற்றாடலுக்குப் போகிறது என்று அவர்களின் இரசாயன முகவரகம் கணக்குப் போட்டிருக்கிறது. டயரிலிருந்து கசிகிற ஒரு பொருள் அமெரிக்காவில் கோஹோ சல்மன் மீனைக் கொல்கிறது என்று 2020ல் கண்டுபிடித்தார்கள். எங்கட வாவியில் இருக்கிற மீன் வேறு, அதற்கும் அதே கதி என்று நான் சொல்லமாட்டேன், ஆனால் வாவியை நம்பி அடுப்பெரிகிற குடும்பங்கள் எத்தனை என்று எல்லாருக்கும் தெரியும். மணிக்குப் பதில் தக்கை, தென்னந்தும்பு போடலாம் என்பார்கள், வெயிலுக்கு அது நல்லதுதான், வெள்ளத்தில் மிதந்துவிடும்.

இந்தத் தரைக்கு ஆயுள் 8 முதல் 10 வருஷம். பிறகு சுருட்டி எங்கே கொண்டுபோய்ப் போடுவது? அம்பாறைப் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்டிக் தின்று செத்ததை 2022ல் உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. இரண்டாந்தரம் போடுகிற காசை யார் தருவார்கள் என்பதை இன்றைக்கே எழுத்தில் வாங்கவேண்டும்.

கல்முனைக் கோச்

டீ.ஓ. ஐயா, அடித்தளம் பற்றிச் சொன்னது எனக்குப் புதுசு, இப்படி ஒருத்தரும் விளங்கப்படுத்தவில்லை. ஆனால் புல்லுக்கு ஆள் வேண்டும், வெட்ட மெசின் வேண்டும், தண்ணீர் வேண்டும். போட்டுவிட்டு ஆறு மாதத்தில் மாடு மேய விடுவதைத்தான் நான் பார்த்திருக்கிறேன். காவலும் பராமரிப்பும் இல்லாமல் புல் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

களுதாவளை அக்கா

எல்லாருக்கும் நன்றி, வாசித்துவிட்டு அதிபருக்கும் அனுப்பினேன், அவரும் டீ.ஓ. ஐயாவின் பதிவை அச்செடுத்து வைத்திருக்கிறார். பழைய மாணவர்களிடம் உதவி வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. அதே காசில் அடித்தளம், வாய்க்கால், சுற்று வேலி, குழாய்க்கிணறு, கை கால் கழுவக் குழாய், இவற்றோடு ஒரு பராமரிப்பாளரின் சம்பளத்துக்கு வங்கியில் போட ஒரு தொகை என்று கேட்கப்போகிறேன். கோச் தம்பி சொன்ன மாடு விஷயத்தையும் அப்படியே கூட்டத்தில் சொல்வேன். அவர்கள் செயற்கைப் புல்தான் என்று நின்றால் பி.ஏ.எச் அறிக்கை, 49 பாகை விதி, பழைய தரையை யார் எடுப்பது என்கிற மூன்றையும் எழுத்தில் கேட்பேன்.

ஒரு சந்தேகம் ஐயா. எங்கட பக்கம் ஆடி, ஆவணியில் கிணற்றுத் தண்ணீர் கரிக்கத் தொடங்கிவிடும். அந்தத் தண்ணீருக்குப் புல் நிற்குமா?

ஓய்வுபெற்ற டீ.ஓ.

அறுகு ஓரளவு உவர் தாங்கும் பிள்ளை, கடற்கரைப் பக்கம் மணலிலேயே படர்ந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் எவ்வளவு உவர் என்று தெரியாமல் கிணறு தோண்டக் காசு கொடுக்காதீர்கள். பக்கத்து வளவுக் கிணற்றில் ஆவணிக் கடைசியில் ஒரு போத்தல் தண்ணீர் எடுத்து நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையில் கொடுத்துச் சோதியுங்கள், மாரியில் எடுத்த தண்ணீரைக் காட்டி ஏமாறவேண்டாம். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் என்று நினைப்பார்கள், கடலோரத்தில் ஆழம் போகப் போக உப்புத்தான் ஏறும், மேலே மிதக்கிற மழைத் தண்ணீரைத்தான் மெதுவாக இறைக்கவேண்டும். நடுவது இல்ல விளையாட்டுப் போட்டி முடிந்த கையோடு, நிலத்தில் ஈரம் இருக்கும்போதே. முழு மைதானத்தையும் மூடினால் பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லாமல் போகும், பாதி பாதியாகச் செய்யுங்கள், நட்ட பாதிக்குள் மூன்று மாதம் ஒருத்தரையும் விடாதீர்கள்.