7 வயது மகள், நித்திரையில் விரல் சூப்புகிறாள்: அண்ணத்துக் கம்பி போட்டவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நாங்கள் களுவாஞ்சிகுடி. மகளுக்கு 7 வயது, இன்னும் வலது கைப் பெருவிரலைச் சூப்புகிறாள். டிவி பார்க்கும்போதும் படித்துக் களைக்கும்போதும் விரல் தன்பாட்டில் வாய்க்குள் போய்விடும். "கையை எடு மகள்" என்றால் திடுக்கிட்டு எடுப்பாள். வைத்திருந்ததே அவளுக்குத் தெரியாது. நித்திரையில் இன்னும் மோசம்.

மேல் முன்பற்கள் இரண்டும் நிலைத்த பற்களாக முளைத்து வருகின்றன. பல்லை இறுகக் கடித்தாலும் மேலுக்கும் கீழுக்கும் நடுவே இடைவெளி, நாக்கு நுனி தெரிகிறது. பாணை முன்பல்லால் கடிக்க முடியாமல் கடைவாயால் பிய்க்கிறாள். விரல் மொளியில் தோல் தடித்துக் காய்த்துவிட்டது.

வேப்பெண்ணெய் பூசினோம், நித்திரையில் அதையும் சேர்த்துச் சூப்பிவிட்டாள். பாவற்காய்ச் சாறும் அப்படித்தான். கையில் காலுறை மாட்டினால் நடுச்சாமத்தில் கழற்றி எறிகிறாள். கலண்டரில் ஸ்டிக்கர் ஒட்டுவது பகலுக்கு நன்றாக உதவுகிறது, அதை விடவில்லை. ஏசினால் சூப்புவது கூடுகிறது, அதனால் அம்மம்மா உட்பட யாரும் ஏச வேண்டாம் என்று சொல்லியாச்சு.

பல் வைத்தியர் மேல் அண்ணத்தில் பொருத்தும் கம்பி பற்றிச் சொன்னார். விரல் அண்ணத்தில் படாமல் அது தடுக்குமாம். இந்த வயதில் பழக்கம் நின்றால் இடைவெளி ஓரளவு தானாகவே மூடலாம் என்பதால் தள்ளிப்போட மனமில்லை.

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் பிள்ளைக்கு இந்தக் கம்பி போட்டவர்கள் சொல்லுங்கள்: இரவில் சூப்புவது அதோடு நின்றதா?