இரவு ஷிஃப்ட், காலை வகுப்பு: வேறு என்ன வேலை தேடலாம்?

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. நான்கு மாதமாக ஒரு பார்சல் கிடங்கில் வாரம் நான்கு இரவு வேலை, 10 மணி முதல் காலை 6 வரை. 9 மணிக்கு வகுப்பு. விடுதிக் கட்டணம் இந்தச் சம்பளத்தில்தான் கட்டுகிறேன், அதனால் சட்டென்று விட முடியாது.

முதல் மாதம் சமாளித்தேன். இப்போது பாடம் காதில் விழுகிறது, மனதில் நிற்பதில்லை. இரண்டு உள்தேர்வில் தோற்றுவிட்டேன். பருவத்தேர்வுக்கு ஆறு வாரம்தான் இருக்கிறது.

பகலில் ஜன்னலை மூடி, காதில் பஞ்சு வைத்துத் தூங்கிப் பார்த்தேன். நாலு மணி நேரத்துக்கு மேல் முடியவில்லை. உடம்பின் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. நாலு நாள் ஒருமாதிரி, மூன்று நாள் வேறுமாதிரி இருந்தால் அது எப்படிப் பழகும்? மாலை ஷிஃப்ட் கேட்டேன், இடமில்லை என்றார்கள். இரண்டு இரவாகக் குறைக்கவும் சம்மதிக்கவில்லை. டியூஷனுக்கு இரண்டு பிள்ளைகள் கிடைத்தார்கள், பரீட்சை முடிந்ததும் நின்றுவிட்டார்கள். வீட்டிலிருந்தே டேட்டா என்ட்ரி என்று ஒருவர் முன்பணம் கேட்டார். வேலை தருகிறவர் நம்மிடமே பணம் கேட்டால் அது மோசடிதான், விலகிவிட்டேன்.

முதலாம் ஆண்டில் நூலகத்தில் புத்தகம் அடுக்கினேன். சம்பளம் குறைவு, ஆனால் கூட்டமில்லாத நேரத்தில் அங்கேயே படிக்கலாம். என் நல்ல மதிப்பெண்ணெல்லாம் அந்தப் பருவத்தில் வந்ததுதான். ஒப்பந்தம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை.

வாரம் 20 மணி நேரத்துக்குள், இரவு 9 மணிக்குள் முடிகிற, மாதாமாதம் சம்பளம் தவறாத வேலை நீங்கள் படிக்கும்போது எது பார்த்தீர்கள்?