எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்: ‘விரிவுச்சந்து’ எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம். சூட்டில் கான்கிரீட் நீள்வதற்காகக் கட்டடத்தின் நடுவே விடும் இடைவெளிதான் எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட். அதைத் தமிழில் எழுதுவது பற்றி நண்பர் ஒருவர் கேட்டது:

> கூரைக் கையேட்டில் ‘எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட்’ வரும் இடத்தில் ‘விரிவாக்க இணைப்பு’ என்று போட்டுவிடலாமா?

வேண்டாம் ஐயா. விரிவாக்கம் என்றதும் சாலை விரிவாக்கமும் பேருந்து நிலைய விரிவாக்கமும்தான் நினைவுக்கு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ‘இணைப்பு’. அது என்ன செய்யும் என்பதை நான் கண்ணால் பார்த்தவன்.

மேலூர்ப் பக்கம் ஒரு கல்யாண மண்டபம். தளத்தின் நீளம் 50 மீட்டர். 45 மீட்டரைத் தாண்டும் கட்டடத்துக்குப் பொதுவாக நடுவே இடைவெளி விட வேண்டும் என்று கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456 சொல்வதால் வரைபடத்தில் அது இருந்தது. வேலைக் குறிப்பைத் தமிழில் எழுதிக் கொடுத்தவன் நான். ‘விரிவு இணைப்பு’ என்று எழுதியிருந்தேன். கொத்தனார் அந்த இடைவெளியில் சிமென்ட் கலவையை வைத்து இறுக்கிப் பூசி, மேலே வரிசை பிசகாமல் தட்டோடும் பதித்துவிட்டார்.

அடுத்த கத்திரியில் போய்ப் பார்த்தேன். நடுவில் ஏழெட்டுத் தட்டோடுகள் ஒன்றையொன்று முட்டிக் கூடாரம் போல எழும்பி நின்றன. பக்கத்து ஓட்டைத் தட்டினால் அடியில் வெற்றிடம் இருப்பது ‘டொக்’கென்று கேட்டது. கைப்பிடிச்சுவரில் விரல் நுழையும் வெடிப்பு. கொத்தனாரைக் கேட்டேன். “இணைப்புன்னு எழுதியிருந்துச்சு சார், இணைச்சுட்டேன்” என்றார். அவர் மேல் என்ன தப்பு?

கான்கிரீட் ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குச் சுமார் 0.01 மில்லிமீட்டர் நீளும். 50 மீட்டர் தளம் 25 டிகிரி ஏறினால் 12 மில்லிமீட்டருக்கு மேல். தட்டோடும் மேலே அடிக்கும் வெள்ளையும் அந்தச் சூட்டைக் குறைக்கும், நீட்சியும் குறையும். ஆனாலும் மிச்சம் நீள்வதற்கு இடம் வேண்டும். மதுரை வெயிலில் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கூரைப் பொருளுக்கும் இது பொருந்தும்.

‘விரிவிடைவெளி’ என்று இன்னொரு நண்பர் சொன்னார். பொருள் சரிதான். ஆனால் சாரத்தில் நின்று கூப்பிட்டுச் சொல்ல வாய்க்கு வராது. வேலையிடத்தில் எல்லாரும் சொல்வது ‘சந்து’. “சந்து விடுப்பா”, “சந்துல கலவை விழுந்துருச்சு, நோண்டி எடு” என்பார்கள். இந்தச் சொல்லின் அழகைப் பாருங்கள். இடுப்புச் சந்து என்னும்போது அது இரண்டு எலும்பு சேரும் இடம். மாசி வீதியிலிருந்து உள்ளே நுழையும் சந்து இரண்டு சுவருக்கு நடுவே விட்ட இடம். சேர்வது, விலகி நிற்பது இரண்டையும் ஒரே சொல் தாங்குகிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே.

ஆகவே விரிவுச்சந்து. ‘விரிசந்து’ என்று சுருக்கலாம்தான், ஆனால் விரிசல் என்று காதில் விழும். அதனால் உகரத்தோடே இருக்கட்டும். சுருங்கும்போது வெடிப்பு கண்ட இடத்தில் ஓடாமல் இருக்க வெட்டிவிடும் கோட்டுக்கு, அதாவது கன்ட்ராக்ஷன் ஜாயின்டுக்கு, சுருக்கச்சந்து.

ஒன்றை மட்டும் இந்த வரிசையில் சேர்க்கக் கூடாது. முதல் நாள் நிறுத்திய கான்கிரீட்டோடு மறுநாள் போடுவதைச் சேர்க்கிறோமே, அந்தக் கன்ஸ்ட்ரக்ஷன் ஜாயின்ட் ஒட்டியே ஆக வேண்டிய இடம். அதற்கு ‘இணைப்பு’ என்றே வைத்துக்கொள்வோம். முன்னொட்டாக என்ன போடலாம்? ‘வார்ப்பிணைப்பு’ எனக்குத் தோன்றுகிறது. கட்டட வேலையில் இருப்பவர்கள் சொல்லுங்கள்.